வாசலில் ஒரு முகம்

வீடு கட்டி முடிகிற வரையில் மனிதனுக்குப் பணக் கவலை ஒன்றுதான். முடிந்த மறுநாளிலிருந்து கண் கவலை வந்துவிடுகிறது. தெருவில் போகிறவன் தலை நிமிர்ந்து பார்த்தால், 'ஏன் பார்க்கிறான்?' என்று தோன்றுகிறது. பார்க்காமல் போனாலோ, 'இவ்வளவு செலவழித்துக் கட்டியிருக்கிறோம், ஏறெடுத்தும் பார்க்காமல் போகிறானே!' என்று இருக்கிறது. இரண்டு வருஷங்களுக்கு முன் பாபநாசத்தில் நான் வீடு கட்டியபோது இந்த இரண்டு வியாதியும் எனக்கு ஒரே சமயத்தில் வந்தன.

பெரிய வீடு என்று எண்ணிவிட வேண்டாம். கீழே ஒரு கூடம், இரண்டு அறை, சமையல்கட்டு. மாடியில் நான் எழுதுவதற்கு ஓர் அறை. ஆனால் முகப்பு மட்டும் கொத்தனாரின் கைவண்ணத்தால் கொஞ்சம் எடுப்பாக அமைந்துவிட்டது. அவர்தான் முதலில் ஆரம்பித்தார். சாரம் பிரிக்கிற அன்று, அதுவரை மூங்கிலில் தொங்கிக்கொண்டிருந்த வைக்கோல் பொம்மையை (என் பழைய சட்டையைத்தான் அதற்குப் போட்டிருந்தார்கள்) அவிழ்த்துக் கீழே போட்டுவிட்டு, "சார், இத எடுத்த கையோட ஒரு மொகம் மாட்டிடுங்க. மொகப்பு வெறுமனே இருக்கக் கூடாது" என்றார்.

என் மனைவி காத்துக்கொண்டிருந்தவள் போல, "கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாதுன்னு சும்மாவா சொன்னாங்க?" என்றாள்.

இருபது வருஷமாகக் கதை எழுதுகிறவன் நான். மூட நம்பிக்கைகளைக் கிண்டல் செய்து எத்தனையோ பாத்திரங்களைப் பேச வைத்திருக்கிறேன். ஆகவே நான் ஒரு பிரசங்கம் செய்வேன் என்று அவள் எதிர்பார்த்திருக்க வேண்டும். நான் செய்யவில்லை. "சரி, மாட்டிவிடுவோம்" என்றேன். அவ்வளவு சுலபமாக ஏன் ஒப்புக்கொண்டேன் என்பது அப்போது எனக்கே விளங்கவில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கடைத்தெருவில் கிடைக்கிற திருஷ்டி முகங்களைப் பார்த்தேன். ஒரு ஜாண் அகலம், பிளாஸ்டிக். வெளியே தொங்குகிற சிவப்பு நாக்கு. கோரைப்பல் இரண்டும் பல்பொடி விளம்பரத்தில் வருவதுபோல் வெள்ளை வெளேரென்று இருந்தன. இதைப் பார்த்துப் பயப்படுகிற பொறாமைக்காரன் இருந்தால் அவனுக்காக இரக்கப்படத்தான் வேண்டும். கும்பகோணம் போகிற சாலையில் ஒரு கொட்டகை இருக்கிறது, அங்கே போங்கள் என்று யாரோ சொன்னார்கள். போனேன்.

அந்தக் கொட்டகைக்காரருக்குப் பெயர் உண்டு. ஆனால் ஊரில் 'ஆர்ட்டிஸ்ட்' என்றால் போதும், கை நீட்டிக் காட்டிவிடுவார்கள். ஐம்பது வயதிருக்கும். சிறு வயதில் சினிமா பானர் எழுதியவர். பானர் தொழில் அச்சு இயந்திரத்துக்குப் போன பிறகு கோயில் வாகனங்களுக்கு வர்ணம் தீட்டினார். யாளி, ரிஷபம், பூதம், பத்துத் தலை ராவணன் எல்லாம் அவர் கையில் மெருகேறியிருக்கின்றன. இப்போது புது வீடுகளுக்கு முகம் செய்கிறார். நான் போனபோது அங்கே ஒரு தலை நின்றுகொண்டிருந்தது. தலை என்பதைவிட மார்பளவு உருவம் என்பதே சரி. அடியிலிருந்து கொம்பு நுனி வரை நாலடி உயரம். ஃபைபரில் வார்த்தது. புடைத்த புருவம், சப்பை மூக்கு, அகன்ற வாய், தோளில் செதில் செதிலாகச் சதை. பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, சாம்பல் நிறத்தில் ஒரு பூச்சு கொடுத்திருந்தார். வர்ணம் இல்லாத அந்தச் சாம்பல் முகத்தைப் பார்த்ததும் எனக்கு ஒன்று தோன்றியது. அது யாரையும் பயமுறுத்தவில்லை, அதுதான் பயந்துபோயிருந்தது. வாயைப் பிளந்துகொண்டு, இனி என்ன ஆகுமோ என்று பார்க்கிற முகம்.

பதினாலாயிரம் ரூபாய் கேட்டார். ஒப்புக்கொண்டேன். வேலையைப் பார்க்கலாமா என்று கேட்டேன். "தும்முனாப் பரவால்ல, மூக்குல துணி கட்டிக்குங்க" என்று அனுமதி கொடுத்தார். மூன்று நாள் போனேன்.

வர்ணம் தீட்டுவது என்றால் தூரிகை என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அது புதுமையாக இருந்தது. மூலையில் ஒரு கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து வந்த ரப்பர் குழாயின் முனையில் பேனா அளவுக்கு ஒரு கருவி. அதன் முதுகில் கட்டைவிரல் கொள்ளும் ஒரு கிண்ணம். ஏர்பிரஷ் என்று பெயர். கேட்டுக்குப் பெயின்ட் அடிக்கிற ஸ்ப்ரே கன்னுக்கு இது குழந்தை மாதிரி. அதன் மேலே ஒரு விசை. அழுத்தினால் காற்று வரும். அழுத்தியபடியே பின்னால் இழுத்தால் வர்ணம் வரும். எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு. உள்ளே ஓர் ஊசி பின்வாங்கி வர்ணத்துக்கு வழி விடுகிறது, அவ்வளவுதான் சூட்சுமம். வர்ணத்தைப் பால் பதத்துக்குக் கரைத்துக்கொள்ள வேண்டும். கெட்டியாக இருந்தால் ஊசி அடைத்துக்கொள்ளும். நீர்த்துப்போனால் காற்று அதை விரட்டி அடித்து எட்டுக்கால் பூச்சி மாதிரி கால் கால் ஆக்கிவிடும். கிட்டே பிடித்தால் கோடு, எட்டப் பிடித்தால் பனிமூட்டம். ஒரே இடத்தில் கை நின்றால் வழிந்துவிடும். ஆகவே கை முதலில் நகர்கிறது, பிறகுதான் வர்ணம் வருகிறது. வர்ணம் நின்ற பிறகுதான் கை நிற்கிறது.

1893-இல் சார்லஸ் பர்டிக் என்ற அமெரிக்கர் இங்கிலாந்தில் இதற்கு உரிமை பதிவு செய்தார். ஏரோகிராப் என்று பெயர் வைத்தார். பிற்பாடு ஸ்டூடியோக்காரர்கள் இந்த மாதிரிக் கருவிகளைக்கொண்டு போட்டோவில் முகத்தின் வடுவையும் சுருக்கத்தையும் மறைத்தார்கள். மனித முகத்தை அழகாக்கிப் பெயர் வாங்கிய கருவி பாபநாசத்தில் பூதத்துக்குச் சுருக்கம் போட்டுக்கொண்டிருந்தது.

முதலில் தலை முழுவதும் கறுப்பு அடித்தார். "நல்லா இருந்ததையும் கெடுக்கிறீர்களே" என்றேன். அவர் பதில் சொல்லாமல், உச்சியிலிருந்து, சூரியன் நிற்கிற இடத்தில் கையை வைத்துக்கொண்டு, வெள்ளையை லேசாகத் தூவினார். மேலிருந்து விழுந்த வெள்ளை, புருவத்திலும் மூக்கின் முகட்டிலும் கன்ன மேட்டிலும் படிந்தது. புருவத்தின் அடியிலும் மோவாயின் கீழும் படவில்லை. ஒரு வர்ணமும் இல்லாமலே முகத்துக்கு வெயிலும் நிழலும் வந்துவிட்டன. அதற்கு மேல்தான் பச்சை, மஞ்சள், சிவப்பு எல்லாம். கண்ணாடித் தாள் மாதிரி மெல்லிசாக, ஒன்று காய்ந்த பிறகு ஒன்று. வெள்ளையின் மேல் விழுந்த சிவப்பு எரிந்தது. கறுப்பின் மேல் விழுந்த அதே சிவப்பு உறைந்த ரத்தம்போல் அடங்கிக் கிடந்தது.

நிழலை இன்னும் கனமாக்க வேண்டிய இடத்தில் அவர் கறுப்பை எடுக்கவில்லை; ஊதாவை எடுத்தார். ஏன் என்று கேட்டேன்.

"கறுப்பு போட்டா அங்க ஒண்ணுமே இல்லாத மாதிரி ஆயிடும் சார். ஓட்ட மாதிரி. ஊதான்னா, இருட்டுலயும் சதை இருக்குன்னு தெரியும்."

என் நாவல்களில் வருகிற வில்லன்கள் எல்லோரையும் நினைத்துக்கொண்டேன். மைப்புட்டியைக் கவிழ்த்த மாதிரி எத்தனை பேரை எழுதியிருக்கிறேன்! வாசகர்கள் கடிதம் போட்டுப் பாராட்டினார்கள் என்பது வேறு விஷயம்.

பல்லுக்கும் அப்படித்தான். "வெள்ளையா இருந்தா அது பொம்மை. ஈறுகிட்ட பழுப்பு ஏறியிருந்தாத்தான் அது எதையாவது தின்னிருக்கும்" என்று சொல்லிக்கொண்டே பல்லின் வேரில் பழுப்பை ஊதினார். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு வயிற்றை ஒரு மாதிரி செய்தது. ஆனால் பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் அவர் சாப்பிடப் போயிருந்தபோது அந்த முகத்தின் எதிரே உட்கார்ந்து, இது எந்த வம்சம் என்று யோசித்தேன். எங்கள் பக்கத்தில் பயங்கர முகங்களுக்குப் பஞ்சம் இல்லை. பசுபதிகோயிலில் இருக்கும் புள்ளமங்கை சிவாலயத்துக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள். பராந்தக சோழன் காலத்துக் கோயில் என்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிறது. கூரைக்கு அடியில் வரிசையாகப் பூதகணங்கள். ஆடுகிறதும் பாடுகிறதும் வாத்தியம் வாசிக்கிறதுமாக, ஒன்றின் தொந்தி போல் இன்னொன்றின் தொந்தி இல்லை. அவற்றைப் பார்த்தால் பயம் வராது. கூட உட்கார்ந்து ஒரு வாய் வெற்றிலை போடலாம் போலிருக்கும். அதற்கும் மேலே, சாளரம் போன்ற கூடுகளின் உச்சியில், உடம்பில்லாத ஒரு சிங்கமுகம் பார்த்துக்கொண்டிருக்கும். நம் கோயில்களில் எங்கும், சுவாமியின் திருவாசி உச்சியில்கூட, அந்த முகத்தைக் காணலாம். அதுதான் கீர்த்திமுகம்.

அதன் கதை விசித்திரமானது. ஜலந்தரன் என்ற அசுரன் பார்வதியைத் தனக்குத் தரும்படி கேட்டு ராகுவைச் சிவனிடம் தூது அனுப்பினான். சிவனுடைய கோபத்திலிருந்து எலும்பும் தோலுமாக ஒரு பூதம் கிளம்பி ராகுவை விழுங்கப் போயிற்று. ராகு சரணம் என்று விழுந்தான். தூதனைத் தின்னாதே என்று சிவன் தடுத்துவிட்டார். 'அப்படியானால் என் பசிக்கு என்ன வழி?' என்று கேட்டது பூதம். 'உன்னையே தின்றுகொள்' என்றார். அது காலிலிருந்து ஆரம்பித்துத் தன் உடம்பையே தின்றது. கடைசியில் முகம் ஒன்றுதான் மிச்சம். சிவன் அதைப் பார்த்து மகிழ்ந்து, கீர்த்திமுகம் என்று பெயர் கொடுத்து, என் வாசலில் இரு என்று வைத்துக்கொண்டார்.

வாசலில் முகம் வைக்கிற வழக்கத்துக்கு இதைவிட உயர்ந்த ஆதாரம் தேட வேண்டியதில்லை. ஆனால் கதையைக் கொஞ்சம் கவனியுங்கள். அந்த முகம் யாரையும் தின்னவில்லை. தின்ன வேண்டிய பசியைத் தன் மேலேயே திருப்பிக்கொண்டதுதான் அதன் பெருமை. நாமோ அதே முகத்தைச் செய்து, அதன் வாயைத் தெருப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறோம்.

இன்னொரு முகமும் நினைவுக்கு வந்தது. பாபநாசம் வட்டத்தில் மெலட்டூர் இருக்கிறது. தஞ்சை அச்சுதப்ப நாயக்கர் அந்தணர் குடும்பங்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊர். பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே வாழ்ந்த வெங்கடராம சாஸ்திரி தெலுங்கில் எழுதிய பாகவத மேளா நாடகங்களை இன்றும் வருஷந்தோறும் வரதராஜப் பெருமாள் சந்நிதியில் ஆடுகிறார்கள். நரசிம்ம ஜயந்தியை ஒட்டிப் பிரகலாத சரித்திரம். பெண் வேஷமும் ஆண்களே கட்டுவார்கள். இரவெல்லாம் நடந்து, கடைசியில் நரசிம்மர் வருவார். அவர் முகம் மரியாதைக்குரிய முகம், பூஜையில் இருப்பது. அதை அணிகிறவர் விரதம் இருந்து அணிகிறார். அணிந்ததும் ஆவேசம் வந்துவிடும். ஹிரண்யன் வேஷக்காரர் மேல் பாய்ந்துவிடாதபடி நாலைந்து பேர் பிடித்துக்கொண்டிருப்பார்கள். சின்ன வயதில் என் பெரியப்பா மகன், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு அதைக் காட்டினார். நான் அவர் தலைமயிரைப் பிடித்துக்கொண்டு அலறினேனாம்.

அந்த நாடகத்தில் ஒன்றை நான் வெகு நாள் கழித்துத்தான் உணர்ந்தேன். பார்க்க அழகாக, கிரீடமும் நகையுமாக இருக்கிறவன் அசுரன். பல்லும் நகமுமாக வருகிறது கடவுள். கொலை நடக்கிற இடமும் வாசற்படி. உள்ளும் அல்ல, வெளியும் அல்ல. பயங்கரமான முகம் வாசலுக்கு வந்தது வெளியே இருக்கிறவர்களைப் பயமுறுத்த அல்ல. உள்ளே இருக்கிற வீட்டுக்காரனைத் தேடிக்கொண்டு.

இப்படி எண்ணிக்கொண்டிருந்தபோது ஆர்ட்டிஸ்ட் ஏப்பம் விட்டுக்கொண்டு திரும்பி வந்தார். "பார்வை எந்தப் பக்கம் வைக்கலாம் சார்? நேராவா?" என்று கேட்டார்.

"கொஞ்சம் மேற்கே திரும்பியிருந்தால் நன்றாயிருக்கும்" என்றேன்.

"மேக்க என்ன இருக்கு?"

"தெரு திரும்புகிற இடம். அங்கேயிருந்துதான் எல்லோரும் வருவார்கள்."

பொய் இல்லை. தெரு அங்கேதான் திரும்புகிறது. திரும்புகிற இடத்தில்தான் அண்ணன் வீடு இருக்கிறது என்பதை நான் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

இனி மறைப்பதில் பயன் இல்லை. எங்கள் பாட்டனார் விட்டுப்போனது குடமுருட்டிப் பாசனத்தில் பன்னிரண்டு மா நிலம். பெரியப்பாவுக்கு ஆறு, அப்பாவுக்கு ஆறு. அப்பா போன பிறகு என் ஆறு மாவையும் அண்ணன்தான் பதினாறு வருஷம் சாகுபடி செய்தார். ஒரு வருஷம்கூடத் தவறாமல் மூட்டை கட்டி அரிசி அனுப்பினார். மழை பொய்த்த வருஷத்தில் தன் பங்கிலிருந்து எடுத்து அனுப்பினார் என்பது பிறகு எனக்குத் தெரிய வந்தது. வீடு கட்டப் பணம் வேண்டியிருந்தபோது வெளியூர்க்காரர் ஒருவர் நிலத்துக்கு நல்ல விலை சொன்னார். அண்ணனிடம் போய்ச் சொன்னேன். "நானே வாங்கிக்கிறேன் தம்பி. அவ்வளவு வெல என்னால குடுக்க முடியாது. நெல வெல குடுக்கிறேன், ரெண்டு வருஷம் தவண குடு" என்றார். நான் ஒரு மாதம் கொடுத்தேன். ஒரு மாதத்தில் அவரால் முடியாது என்பது எனக்குத் தெரியும். பத்திரம் பதிவாயிற்று. வாங்கியவர் மனைக்கல் நட்டுவிட்டார். அதுவும் போகட்டும். என் ஆறு மா வழியாகத்தான் வாய்க்கால் அண்ணனுடைய ஆறு மாவுக்குப் போகும். மண் அடித்து மேடாக்கியதில் வாய்க்கால் தூர்ந்துவிட்டது. இப்போது அவர் தண்ணீருக்கு ஊரையே சுற்றிக்கொண்டு வருகிறார்.

சட்டப்படி நான் செய்தது தவறு இல்லை. அண்ணன் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. சண்டை போட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி நியாயத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டிருப்பேன். அவர் வீடு கட்டுகிற இடத்தைத் தாண்டிச் சைக்கிளில் போகும்போது ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்கு நான் வைத்த பெயர் கண்.

பேக்கன் என்ற ஆங்கிலேயர் பொறாமையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். 1625-இல் வெளிவந்த தொகுதியில் இருக்கிறது. கண்ணேறு என்கிற நம்பிக்கையை அவர் தள்ளிவிடவில்லை. ஒருவன் வெற்றிப் பெருமிதத்தில் நிற்கும்போது கண் அதிகமாகப் படும் என்கிறார். கூட வளர்ந்தவர்களும் நெருங்கிய உறவினரும்தான், தங்களில் ஒருவன் உயர்ந்தால், அதிகம் பொறாமைப்படுவார்கள் என்கிறார். கெட்டிக்காரப் பெரிய மனிதர்கள் தங்கள் மேல் விழ வேண்டிய பொறாமையை வாங்கிக்கொள்ள வேறு யாரையாவது முன்னால் நிறுத்திக்கொள்வார்கள் என்று ஒரு யோசனையும் அதில் வருகிறது. நம் கொத்தனார் சொன்ன 'மொகம்' இதுதானே! படித்துப் பார்க்கும்போது பெரிய ஆறுதலாக இருந்தது. பிறகு, அவர் வாழ்க்கையும் நினைவுக்கு வந்தது. நீதித் துறையின் உச்சியில் இருந்தவர், வழக்காடிகளிடம் பணம் வாங்கியதை ஒப்புக்கொண்டு 1621-இல் பதவி இழந்தார். அவரை உறுத்துப் பார்த்த கண்களில் எத்தனை பொறாமைக் கண், எத்தனை வழக்கில் தோற்றவனின் கண் என்று யார் பிரித்துச் சொல்வது?

எனக்குப் பிரச்னை அங்கேதான் இருப்பதாகத் தோன்றுகிறது. ஒருவன் என்னைப் பார்க்கிற பார்வையைப் பொறாமை என்று சொல்லிவிட்டால் குற்றம் அவனுடையதாகிவிடுகிறது. அதையே குறை என்று சொன்னால் குற்றம் என்னுடையதாகிவிடும். பார்வை ஒன்றுதான், பெயர் வைக்கிற உரிமை என் கையில் இருக்கிறது. எனக்கு எது சௌகரியமோ அந்தப் பெயரை வைக்கிறேன். திருஷ்டி முகம் மாட்டுவதற்கு முன்னால் இந்தப் பெயர் சூட்டு வைபவம் நடந்துவிடுகிறது.

பொறாமை என்று ஒன்று கிடையாது என்று நான் சொல்ல வரவில்லை. எனக்கே அது நன்றாகப் பழக்கம். என் வயதுக்காரரான ஓர் எழுத்தாளருக்குப் பரிசு கிடைத்த செய்தியைப் பேப்பரில் பார்த்த காலையில் காப்பி எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. அவர் போட்டோவை நான் பார்த்த பார்வைக்குச் சக்தி இருந்திருந்தால் அவர் குறைந்தது ஒரு வாரம் ஜுரத்தில் படுத்திருக்க வேண்டும். மனிதர் மறு மாதமே சிங்கப்பூர் போய்விட்டு வந்தார். அவரிடம் எனக்கு ஒரு குறையும் கிடையாது. அவர் என் வாய்க்காலை அடைக்கவில்லை. அதனால்தான் அதைப் பொறாமை என்கிறேன். வள்ளுவர் அழுக்காறாமைக்குப் பத்துக் குறள் ஒதுக்கியிருக்கிறார். பத்தும் பொறாமைப்படுகிறவனுக்குத்தான். பொறாமைக்கு ஆளாகிறவன் தன்னை எப்படிக் காத்துக்கொள்வது என்பதற்கு ஒன்றுகூட இல்லை.

இவ்வளவையும் அன்று கொட்டகையில் உட்கார்ந்து யோசித்தேன் என்று எண்ணிவிடாதீர்கள். அன்று யோசித்ததெல்லாம் பார்வை மேற்கே திரும்பினால் போதும் என்பதுதான்.

மூன்றாம் நாள் கண். ஏர்பிரஷைக் கழுவித் துடைத்து வைத்துவிட்டார். "கண்ணுக்குக் காத்து ஆகாது சார், கைதான்" என்று மெல்லிய தூரிகை ஒன்றை எடுத்தார். கோயில் விக்கிரகங்களுக்குக் கண் திறப்பது பெரிய சடங்கு. கடைசியில்தான் செய்வார்கள்; பொன் ஊசியால் திறப்பார்கள். திருஷ்டி பூதத்துக்குச் சடங்கு ஒன்றும் கிடையாது. ஆனாலும் அவர் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உட்கார்ந்தார். வழக்கமாக ஒரு கண்ணாடியை எதிரே வைத்துக்கொண்டு தன் கண்ணையே பார்த்துப் போடுவாராம். இத்தாலியில் காரவாஜியோ என்ற ஓவியன் 1597-ஐ ஒட்டி ஒரு கேடயத்தின் மேல் மெடூஸா என்ற அரக்கியின் வெட்டுண்ட தலையைத் தீட்டினான். பிளாரன்ஸ் நகரில் இருக்கிறது. அதற்கும் தன் முகத்தையே கண்ணாடியில் பார்த்து வரைந்தான் என்று பலர் சொல்கிறார்கள். பூதத்துக்கு மாதிரி வேண்டுமானால் தூரப் போக வேண்டியதில்லை போலிருக்கிறது.

அன்று கண்ணாடியைப் பேரக் குழந்தை உடைத்துவிட்டது. "சார், அந்த விளக்குக்கு நேரா நில்லுங்க. கண்ண நல்லா முழிச்சு, மேக்க பாருங்க. வெளிச்சம் எங்க விழுதுன்னு பாத்துக்கிறேன்" என்றார். நின்றேன். கால் மணி நேரம் முழித்துக்கொண்டு நின்றேன். கண்ணில் நீர் வந்துவிட்டது.

முகம் மாடிச் சுவரில், இரும்புக் கொக்கியில் ஏறியது. கிருகப்பிரவேசத்துக்கு அண்ணன் வரவில்லை. அண்ணி வந்து சாப்பிட்டுவிட்டுப் போனாள். தெருப் பிள்ளைகள் முகத்தைப் பார்த்து அஞ்சினார்கள், நாலு நாளில் பழகி அதற்கு ஒரு பட்டப்பெயர் வைத்தார்கள். மூன்று வாரம் கழித்து ஒரு சாயங்காலம், சைக்கிள் கேரியரில் ஒரு வாழைத்தாரை வைத்துத் தள்ளிக்கொண்டு அண்ணன் வந்தார். நான் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். வாசலுக்கு வந்தவர் சைக்கிளை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். நின்று பார்த்தார். நான் இறங்கி ஓடிவருவதற்குள் ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். அதுவரையில் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வாங்க அண்ணே."

"வேல நல்லாத்தான் இருக்கு" என்றார், முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "ஆனா முழி மட்டும் பூதத்து முழி இல்லடா தம்பி. நம்ம வீட்டு முழி. சித்தப்பா கோவம் வந்தா இப்படித்தான் பாப்பாரு."

சித்தப்பா என்றால் என் அப்பா. எனக்கு அப்பாவின் ஜாடை என்று எல்லோரும் சொல்வார்கள்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "சும்மா எல்லாரும் வைக்கிறாங்களேன்னு..." என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் வரவில்லை. அவர் வாழைத்தாரை அவிழ்த்து என் கையில் கொடுத்தார். "கொல்லைல வெட்டுனது. அஞ்சாறு நாள்ல பழுத்துடும்."

கூடத்தில் உட்கார்ந்து காப்பி சாப்பிட்டார். மேட்டூர் இந்த வருஷம் ஜூன் பன்னிரண்டுக்குத் திறந்தால் குறுவை போடலாம் என்று இருப்பதாகச் சொன்னார். "தண்ணி எப்படி வரும்?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் யாரிடம் எதைக் கேட்கிறேன் என்று உறைத்தது. "பக்கத்து வயக்காரரு மடை விடறேன்னு சொல்லியிருக்காரு. ராத்திரில பாச்சிக்கணும்" என்றார் சாதாரணமாக. அவர் முகத்தை அன்றுதான் அருகில் உட்கார்ந்து பார்த்தேன். நான் பெயர் வைத்த அந்தப் பார்வை அதில் எங்கேயும் இல்லை. களைப்பு இருந்தது. இரண்டு வருஷத்தில் புருவம் நரைத்திருந்தது.

வாய்க்காலுக்கு ஒரு வழி பண்ண வேண்டும், மனை வாங்கியவரிடம் பேசிப் பார்க்கிறேன் என்று சொன்னேன். அதற்கு அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தம்ளரைக் கழுவி வைத்துவிட்டு எழுந்தார்.

வாசலில் இறங்கிச் சைக்கிளை எடுத்தவர் மறுபடி ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

"எதுல கட்டியிருக்கே?"

"கொக்கி இருக்கு. மேலே சாதாரணக் கம்பி."

"ஐப்பசி மழைக்குத் துரு ஏறிடும். கனமான சாமான். பிள்ளைங்க இதுக்கு அடியிலதான் வெளையாடுது. கம்பிய மாத்திடு."

மறுநாள் கடைத்தெருவுக்குப் போய் ஜி.ஐ. கம்பி இரண்டு மீட்டர் வாங்கி வந்தேன். மனை வாங்கியவருக்கு இரண்டு தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை. அடுத்த வாரம் நேரில் போவதாக இருக்கிறேன்.